சூரியனில் ஒரு புள்ளி

தொலைநோக்கியைச் சூரியனுக்குத் திருப்பிவிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார் ஹெஸ்டர் பர்க்கெட். நேரே பார்த்தால் கண் போய்விடும். வெள்ளைத் தாளில் சூரியவட்டத்தை விழவைத்து, அதிலுள்ள கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைவார். இங்கிலாந்தின் வடக்கே, கெண்டல் ஊரில் வெயில் தலைகாட்டுவதே அபூர்வம். மேகம் விலகினால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடிவிடுவார். அடுப்பை அணைப்பது கணவர் வில்ஃப்பின் தலையெழுத்து.

வானாய்வகத்தில் கணக்குப் போடும் பெண்ணாகச் சேர்ந்து, சூரியப் பிரிவுக்கே தலைவியானவர். இளையவர்களைப் படுத்திய பாடு கொஞ்சமா! யாராவது புதுப் புள்ளி என்று ஓடிவந்தால், "வில்லையைத் திருப்பிப் பாத்தியா?" என்றுதான் கேட்பார். கண்ணாடிவில்லையைத் திருப்பும்போது புள்ளியும் சுற்றினால், அது வெறும் தூசி. ஓய்வுபெற்ற பின்னும் வானியல் சங்கத்துக்கு அவர் வரைபடம் போய்க்கொண்டிருக்கிறது. "ஹெஸ்டர் சொன்னா சரி" என்பார்கள் அங்கே. அந்தப் பெயர்தான் அவருக்குச் சொத்து.

போன வசந்தத்தில் சூரியன் மாதக்கணக்கில் புள்ளியே இல்லாமல் வெறிச்சென்று கிடந்தது. சங்கமே முதல் புள்ளிக்குக் காத்திருந்தது. ஒரு காலை ஹெஸ்டருக்கு அது தெரிந்தது. வில்லையைத் திருப்பினார், புள்ளி சுற்றவில்லை. உடனே சங்கச் செயலருக்குப் போன் செய்துவிட்டார். மற்ற ஊர்களில் எல்லாம் மழை. இவர் சொல் ஒன்றே சாட்சி.

வில்ஃப் தேநீர் கொண்டுவந்தார்.

"உன் மூக்குல என்ன கரி?"

வில்ஃப் துடைத்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லியே."

ஹெஸ்டர் சுவரைப் பார்த்தார். சுவரிலும் அதே புள்ளி. இத்தனை வருஷம் ஊரார் கண்ணையெல்லாம் சந்தேகப்பட்டவர், தன் கண்ணை மட்டும் சோதிக்க மறந்துவிட்டார்.

பிறகு எழுந்து, வில்ஃப்பை நாற்காலியில் உட்காரவைத்துப் பென்சிலைக் கையில் கொடுத்தார். "நீ பாத்துச் சொல்லு."

வில்ஃப் குனிந்து தாளையே பார்த்தார். ஹெஸ்டரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கும்மா. ஓரமா, சின்னதா ஒண்ணு இருக்கு."

ஹெஸ்டர் தாளைப் பார்க்கவில்லை. வில்ஃப்பின் முகத்தையே பார்த்தபடி கையை நீட்டி வில்லையை மெல்லத் திருப்பினார். "இப்ப? சுத்துதா, நிக்குதா?"

வில்ஃப் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

ஹெஸ்டர் ஒரு கையை அவர் தோளில் வைத்துக்கொண்டு, மறு கையால், காலையில் சொன்னது தப்பு என்று செயலரிடம் சொல்லப் போனை எடுத்தார்.