செவ்வாய்க்கிழமை மெழுகு

எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒரு மாதம் முழுக்க நம்பினேன். அதுவும் ஊருக்கு நூலகம் கட்டப் போன இடத்தில். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் குமாஸ்தா. என்னைக் கொல்வதில் யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லை என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு, நான் செத்தால் தூத்துக்குடியே கடையடைக்கும் என்று எண்ணம்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மீனவர் தெருவுக்கும் பஜாருக்கும் இடையே ஒரு வாடகை வீட்டில் நூலகம் ஒழுகிக்கொண்டிருந்தது. மழை நாட்களில் நாற்காலியைப் புத்தகங்களுக்குக் கொடுத்துவிட்டு நூலகர் நின்றுகொண்டே வேலை பார்ப்பார். கட்டிடத்தை ஊரார் கட்டிக் கொடுத்தால் மற்றதைப் பார்த்துக்கொள்வதாக மேலிடத்தில் சொல்லவே, மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் தலைமையில் கமிட்டி போட்டோம்.

கரையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் வந்ததும் மாதா கோயிலுக்கென்று ஒரு மீனை ஒதுக்கி மணலிலேயே ஏலம் விடுவார்கள். அந்த மீனுக்குப் பக்கத்தில் நூலகத்துக்கும் ஒரு மீன் போடச் சொல்லும்படி பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கினோம். ஏலம் கூவுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் தாமிரபரணிக் கரை நெல்வயல் ஊர்க்காரன், சுத்த சைவம். முதல் நாளே, "சீலா, சீலா, நல்ல சீலா!" என்று தொண்டை கிழியக் கூவினேன்.

கூடையோடு நின்ற ஒரு மீன்காரி, "ஏலே, அது பாறை மீனு. நீ கூவுத கூத்துல மீனுக்கே வெக்கமாயிருக்கும்" என்றாள். கரையே சிரித்தது. நான் விடவில்லை. சிரித்தவர்களை எல்லாம் பேர் சொல்லி அழைத்து ஏலத்தை ஏற்றினேன். எத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறேன் என்று அப்போது கணக்குப் பார்க்கவில்லை. பிறகு ராத்திரிகளில் படுத்துக்கொண்டு ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன்.

உப்பளத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மண் சுமந்தார்கள். தோணி கட்டுகிற ஆசாரியை எங்கள் பக்கம் ஓடாவி என்போம். ஒரு வயதான ஓடாவி கூலி வேண்டாமென்று கூரை வேலையை ஏற்றுக்கொண்டார். பெர்மிட் இருந்தால்தான் சிமெண்டு கிடைக்கும் என்றிருந்த காலம். எனவே ஓட்டுக்கூரைதான். அதைத் தாங்க நீளமான உத்திரம் ஒன்று வேண்டியிருந்தது.

அதைக் கொடுத்தவள் ஒரு தண்டலின் மனைவி. தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன். மூன்று வருடத்துக்கு முன் அவர் கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தோணி புயலில் உடைந்தது. ஆட்கள் ஒருவரும் கிடைக்கவில்லை. பாய்மரம் மட்டும் கீழவைப்பார் பக்கம் ஒதுங்கியது. அதை வண்டி வைத்துக் கொண்டுவந்து வீட்டுச் சுவரோரம் போட்டிருந்தாள்.

"ரூவாயா எங்கிட்ட ஒண்ணுமில்ல. இந்த மரம் இருக்கு" என்றாள் அண்ணாச்சியிடம். "ஒண்ணே ஒண்ணு. இத அறுக்கக் கூடாது. முழுசா மேல ஏத்தணும்."

"உசுரக் குடுத்தாவது காப்பாத்துதோம் தாயி" என்றார் அண்ணாச்சி. யார் உசுரைச் சொல்கிறார் என்று எனக்கு அப்போதே சின்னச் சந்தேகம்.

மரம் மேலே ஏறியது ஐப்பசி மாதம். கடல் ஈயம் போலக் கிடந்தது. உப்புக் குடித்துக் கறுத்த மரம். ஈரக்காற்று பட்டதும் வேர்த்தது. காலையில் தரையில் பழுப்பாகச் சொட்டுகள் விழுந்திருக்கும். காற்றடித்தால் முனகும். ஓடுகள் இன்னும் வராததால், கழுத்தை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிற ஏதோ ஒன்றின் கீழே நிற்பது போலிருக்கும். ஆபீஸ் போகுமுன் சுவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் முறை. நான் தலையை நிமிர்த்தாமலே ஊற்றப் பழகினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உத்திரத்துக்கு நேர் கீழே, தரையில், உருகி உறைந்த மெழுகு. சுற்றிலும் செவ்வந்தி இதழ்கள். நடுவில் பற்ற வைக்காத ஒரு பீடி. சிவப்பு நூல் சுற்றியது. நான் குடிக்கிற அதே பீடி.

என் ஊரில் செவ்வாய்க்கிழமையும் பூவும் ஓரிடத்தில் சேர்ந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. வேறு பாதையில் போய்விடுவார்கள். நான் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். குடம் உருண்டு என் பின்னாலேயே வந்தது. அது குடம் என்பது தெருமுனை வந்தபிறகுதான் தெரிந்தது.

அடுத்த செவ்வாயும் அதே மெழுகு, அதே பூ, அதே பீடி. எனக்குப் பசி நின்றது. கண்ணாடியில் முகம் கறுத்துத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அண்ணாச்சி கடைக்குப் போய்ச் சொன்னேன்.

"பீடியும் வச்சிருக்காங்க அண்ணாச்சி. நான் குடிக்கிற பீடி."

"ஏலே, நீ பீடி குடிக்கியா? ஒங்கப்பனுக்குத் தெரியுமா?"

"நான் செத்தப்பொறவு தெரிஞ்சாப் போதும்."

அவர் சிரித்தார். ஆனால் கையிலிருந்த பருப்பை நிறுக்காமல் அப்படியே வைத்துவிட்டார்.

மூன்றாவது செவ்வாய், தூறலில் ஓடாவி சாரத்திலிருந்து விழுந்தார். தோள் நழுவிவிட்டது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "மழையில பலகை வழுக்கிச்சி. மரத்த யாரும் ஒண்ணும் சொல்லாதீய" என்றார். அவரைத் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

ஆனால் சாயங்காலம் டீக்கடையில் நான் சொன்னது வேறு. விழுவதற்கு முன் ஓடாவி மேலே ஒரு ஆளைப் பார்த்தார் என்றேன். எப்படி இருந்தான் என்று ஒருவர் கேட்டார். நனைந்த தலைப்பாகை கட்டியிருந்தான் என்றேன். அந்தத் தலைப்பாகை எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. சொன்ன மாத்திரத்தில் நானே நம்பிவிட்டேன்; எனக்குத்தான் முதலில் மயிர்க்கூச்செறிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண் சுமக்க ஒருவரும் வரவில்லை. கரையில் நூலகத்து மீன் விழுவது நின்றது. காலிச் சுவர்கள் நடுவே அண்ணாச்சியும் நானும், தோளில் கட்டோடு ஓடாவியும் நின்றோம்.

"மரத்த எறக்கிருவோம்" என்றார் அண்ணாச்சி. "பழைய தண்டவாளம் ஒண்ணு விலைக்கு வருது."

"அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கீய" என்றார் ஓடாவி.

"கட்டடம் நின்னு போச்சுன்னா வாக்க வச்சி என்ன வே செய்ய? நீரு போயி அவகிட்டச் சொல்லும்."

ஓடாவி போகவில்லை. அண்ணாச்சி போகவில்லை. நானா போவேன்?

புதன்கிழமை இறக்கினார்கள். பேய் பிடித்த மரத்தை வேறு யாரும் வாங்கமாட்டார்கள். சுண்ணாம்புக் காளவாசல்காரர் மட்டும் எரிக்க எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் வண்டியில் முழு மரம் ஏறவில்லை. ரம்பம் கொண்டுவந்தார்கள். உள்மரம் பொன்னிறமாக, ஒரு பழுதில்லாமல் இருந்தது. நான் தெருவுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, "இன்னும் சின்னதா அறுங்க" என்று யோசனை சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை எனக்குத் தைரியம் திரும்பியிருந்தது. மாலையில், உத்திரமாக ஏற்றியிருந்த தண்டவாளத்தின் கீழே நின்று, பீடி ஒன்றைப் பற்றவைத்து ராஜா மாதிரி புகைத்துக்கொண்டிருந்தேன். கதவு வைக்காத வாசல் வழியாகத் தண்டலின் மனைவி வந்தாள். கையில் மெழுகுவத்தி. மடியில் செவ்வந்திப் பூ.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மரம் எங்கன தம்பி?"

பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நீங்க எதுக்குக்கா இங்கன?" என்றேன்.

"திங்கக்கிழமை ஆத்துமாக்களுக்குள்ள நாளுல்லா. எல்லாரும் கல்லறைக்குப் போறாவ. எங்க வீட்டு அவியளுக்குக் கல்லறை ஏது? அதான் மரத்துக்குக் கீழ வந்து ஏத்திட்டுப் போவேன்."

"பீடி?"

"அவிய குடிக்கது. கையில வச்சிருந்ததெல்லாம் கடல்ல நனைஞ்சிருக்கும்லா."

எங்கள் ஊரில் என் தாத்தாவுக்கு வருடம் தவறாமல் சுருட்டு வைத்துப் படைப்போம். இலையில் சுருட்டை வைப்பவனே நான்தான். அந்த ஒரு மாதத்தில் அது எனக்கு ஒருமுறைகூட ஞாபகம் வரவில்லை.

"மரம் எங்கன?" என்று மறுபடி கேட்டாள்.

"கமிட்டில மாத்திட்டாங்க."

"எங்க போட்டிருக்கு? சொல்லு, நான் வண்டி கூட்டியாரேன்."

"காளவாசலுக்குப் போயிட்டுது."

"அறுத்தீயளா?"

"ஆமா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கோமாளித்தனம் செய்து தப்பித்திருப்பேன். அதற்கு நான் கெட்டிக்காரன். அவள் மெழுகுவத்தியை ஏற்றாமலே மடியில் செருகிக்கொண்டு காளவாசல் இருக்கும் திசையில் நடந்தாள். அங்கே மூன்று நாட்களுக்கு முன்பே சாம்பலை அள்ளிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டுச் சொல்லவில்லை. தலைப்பாகைக்காரன் நான் இட்டுக்கட்டியவன் என்று அவளிடமும் சொல்லவில்லை, கமிட்டியிடமும் சொல்லவில்லை.

மரத்துக்குப் பதிலாகக் காளவாசல்காரர் சுண்ணாம்பு மூட்டைகள் அனுப்பினார். அதைக் குழைத்து நூலகத்துக்கு வெள்ளையடித்தோம். தை மாதம் திறப்புவிழா நடந்தது. அவள் வரவில்லை.