ஐஸில் நான் விழவில்லை

மாமா இறந்த செய்தி வந்தபோது நான் சலூனில் தரை கூட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தொலைபேசியில், "அண்ணை மோசம் போயிட்டார்" என்றார். றிச்மண்ட் ஹில்லில் ஒரு கலியாண மண்டபத்துக்கு வெளியே, காருக்குள் இருந்தபடியே மாரடைப்பு. அம்மா அழுதார். நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். மிச்ச முடியையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் சலூன் நடத்தும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அழாமல் நின்றதை அதிர்ச்சி என்று நினைத்திருப்பார். எனக்கு ஓர் அதிர்ச்சியும் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி மாமிதான் கேட்டார். "நீயும் இந்த வீட்டுப் பிள்ளைதானே. நாலு வரி எழுதித் தா." நான் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா கற்றுத்தந்த தமிழில் எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. ஆகையால் மாமாவைப் பாலன் அண்ணை என்று அறிந்த நீங்கள் எல்லோரும் இதைப் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

அவர் உதவி செய்தவர் என்பதை நான் மறுக்கவில்லை. நாங்கள் இருக்கும் ரூஜில் அவர் கை வைக்காத கராஜ் கதவு குறைவு. யார் வீட்டில் டிஷ்வாஷர் நின்றாலும் ஸ்பனர்களோடு போய்விடுவார். "திருகாணி தெரிஞ்சவனுக்கு எல்லாம் தெரியும்" என்பது அவர் வாக்கு. ஆட்களையும் அப்படித்தான் நினைத்தார். இறுகியிருந்தால் இன்னும் கொஞ்சம் பலமாகத் திருக வேண்டும், அவ்வளவுதான். அப்பா எங்களை விட்டுப் போன பிறகு அம்மாவும் நானும் மாமாவின் வீட்டு பேஸ்மன்ரில், நிலத்துக்குக் கீழே உள்ள அறையில் இருந்தோம். அங்கே எங்களுக்கென்று ஒரு கதவு இருந்தது. அவர் அதைத் தட்டியதே இல்லை. நேரே திறந்துகொண்டு வருவார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட கிழமை ஒரு பிறந்தநாள் விழா நடந்தது. கேக் வெட்டக் காத்திருந்தவர்களுக்கு முன்னால் மாமா என் தோளில் கை போட்டு, "உவள் எங்கட ஊமைச்சி. படிப்பும் இல்லை, பேச்சும் இல்லை. ஆனால் ஒரு நன்மை, ஆருக்கும் திருப்பிச் சொல்லமாட்டாள்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். சிலர் என் கன்னத்தையும் கிள்ளினீர்கள். அதைப் பகிடி என்று நினைத்தது உங்கள் பிழையல்ல. மாமா அதை நம்பினார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு சலூனில் புருவம் திருத்தும் வேலை பழகினேன். பல்லால் நூலின் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு, இரண்டு கை விரல்களாலும் முறுக்கை விரித்துச் சுருக்க வேண்டும். வாயில் நூல் இருப்பதால் பேசத் தேவையில்லை. கதிரையில் இருப்பவரும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். எனக்காகவே யாரோ உண்டாக்கிய வேலை போல இருந்தது. சலூன் அக்கா யாரையும் இலேசில் புகழமாட்டார். அவரே, "உன்ர கை அசையிறதே தெரியேல்லை" என்றார். அடுத்த வருடம் எனக்கென்று ஒரு கதிரை தருவதாகவும் சொன்னார்.

இனி அவருடைய வேட்டைத் துவக்கின் கதை. மாமா மான் வேட்டைக்குப் போவது உங்களுக்குத் தெரியும். லைசென்ஸ் இருந்தது, எல்லாம் சட்டப்படிதான். பக்கத்து ஊரான விட்பியில் ஒருவரிடம் பழைய துவக்கு ஒன்று வாங்கியிருந்தார். அதன் குழல் உள்ளே அரித்துப்போயிருந்தது. புதுக் குழல் போட வேண்டும். கடையில் கொடுத்து மாற்றும்படி மாமி சொன்னார். "கடைக்காரனுக்கும் ரெண்டு கைதான்" என்று மாமா கராஜ் மேசையில், சாமானைக் கவ்விப்பிடிக்கும் வைஸைப் பூட்டினார். உதவிக்கு அவருடைய கூட்டாளிகள் ஒருவரும் வரவில்லை. அது பெப்ரவரி மாதம், பனி கொட்டிக்கொண்டிருந்தது. பேஸ்மன்ர் கதவைத் திறந்து, "ஊமைச்சி, மேல வா" என்றார்.

தொழிற்சாலையில் பூட்டிய குழல் இலேசில் கழலாது. மரக்கட்டைகளுக்கிடையில் வைத்து இறுக்கினாலும் வழுக்கிச் சுற்றியது. அப்படி வழுக்காமலிருக்க ஒரு பிசினைப் பொடியாக்கித் தூவுவதை மாமா வீடியோவில் பார்த்திருந்தார். அந்தப் பிசின் அவரிடம் இல்லை. "உது எங்கட சாம்பிராணிதானே" என்று சொல்லி, மாமியின் சாமி அறையிலிருந்து சாம்பிராணிக் கட்டியை எடுத்து வரச் சொன்னார். அதை அம்மியில் அரைத்துக் கொடுத்தது நான்தான். தூவி இறுக்கினார். அப்படியும் குழலைத் துவக்கோடு பூட்டியிருந்த திருகு மறை இளகவில்லை. காஸ் டோர்ச்சை மூட்டிச் சூடு காட்டினார். கராஜ் முழுக்க வெள்ளிக்கிழமைக் கோயில் போல மணத்தது. மரத்தின் விளிம்பில் சாம்பிராணி உருகி வழிவதை நான் கண்டேன். "மாமா" என்று கூப்பிட்டேன். அவர், "வாயை மூடிக்கொண்டு கோட்டைப் பார்" என்றார்.

கோடு என்றது, குழலில் சோக்கால் கீறிய அடையாளத்தை. குழல் அசைகிறதா என்று அதில் விரல் வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. துவக்கின் உடலில் மாட்டிய ஸ்பனர் குட்டையாக இருக்கிறதென்று அதில் ஓர் இரும்புக் குழாயைச் செருகியிருந்தார். உடம்புப் பாரம் முழுவதையும் அதில் போட்டு அமத்தினார். பிடித்துவைக்க வேண்டிய சாம்பிராணி உருகிப்போனதால், குழலும் துவக்கும் ஒன்றாகச் சுழன்றன. இரும்புக் குழாய் என் வலது சுட்டுவிரலின் மேல் வந்து விழுந்தது. கீழே வைஸின் விளிம்பு. நான் கத்தினேன். மாமா முதலில் துவக்கைத்தான் பார்த்தார்.

மருத்துவமனைக்கு அவர்தான் காரில் கொண்டுபோனார். அதை நீங்கள் சரியாகத்தான் சொல்கிறீர்கள். போகும் வழியில் அவர் சொன்னதைச் சொல்ல, காரில் இருந்தவர்களில் அம்மாவும் நானும்தான் மிச்சம். அம்மா சொல்லமாட்டார். "நீ ஐஸில விழுந்தனீ. விளங்கிச்சோ? துவக்கு எண்டு ஒரு சொல் வந்தால் பொலிஸ் வரும், லைசென்ஸ் போயிடும்." அம்மா பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். "அண்ணை சொல்லுறதைக் கேள், பிள்ளை. அவர் இல்லாட்டி நாங்கள் எங்க போறது?"

ஐஸில் விழுந்தவள் என்பதால் என் மணிக்கட்டைப் படம் எடுத்தார்கள். மணிக்கட்டு நன்றாக இருந்தது. விரலுக்கு ஒரு கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். சில கிழமைகளில் விரல் நடு மூட்டில் வளைந்து, நிமிர மறுத்தது. விரல்களைப் பார்க்கும் விசேட டொக்டரிடம் போனோம். மாமாவும் கூடவே உள்ளே வந்தார். விழுந்தால் இப்படி வருவது குறைவு, மேலிருந்து ஏதாவது பாரமாக அடித்ததா என்று அந்த டொக்டர் என்னிடம் கேட்டார். என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னம் மாமா, ஐஸ்தான், தான் கண்ணால் கண்டது என்றார். மூட்டுக்கு மேலே ஓடும் தசைநார் அறுந்திருக்கிறது, அன்றே தெரிந்திருந்தால் விரலை நிமிர்த்திக் கட்டியிருக்கலாம், இனி முழுதாகச் சரிவராது என்று டொக்டர் சொன்னார். மாமா அவருக்கு நன்றி சொன்னார்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஸ்பனர் அடித்தது என்று சொல்லியிருக்கலாம். கார் திருத்தும்போது என்று சொல்லியிருக்கலாம். துவக்கு என்ற சொல்லே வந்திராது. எத்தனையோ வீடுகளில் எதையெதையோ யோசித்துத் திருத்தியவருக்கு இது தோன்றாமலா போயிருக்கும்? ஸ்பனர் என்றால் கை அவருடையது. ஐஸ் என்றால் கால் என்னுடையது. அதுதான் காரணம்.

குழலைப் பிறகு கடையில்தான் மாற்றினார். அந்த நவம்பரில் அதே துவக்கால் மான் விழுத்தி, இறைச்சியைப் பங்குபோட்டுக் கொடுத்தார். உங்களில் பலர் சாப்பிட்டிருப்பீர்கள். நானும் சாப்பிட்டேன். மாமியின் கறி நன்றாகத்தான் இருந்தது. நான் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்து, வெள்ளைக்காரி மாதிரிப் பழகிவிட்டேன் என்று மாமா பகிடி விட்டார். எனக்கென்று சொன்ன கதிரையில் இப்போது வேறொரு பிள்ளை வேலை செய்கிறாள். நூல் என் விரலில் நிற்பதில்லை. நான் தரை கூட்டுகிறேன், துவாய் தோய்க்கிறேன்.

இறுதிக்கிரியையில் ஒருவர் மைக்கைப் பிடித்து, ஐஸில் விழுந்த மருமகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெரிய மனது என்று மாமாவைப் புகழ்ந்தார். சபை திரும்பி என்னைப் பார்த்தது. மாமியும் பார்த்தார். முகத்தை அல்ல, கையை. பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அன்று நான் கத்தியதும் வந்தவர் அவர்தானே, உறைந்த பட்டாணிப் பையோடு கராஜுக்குள் ஓடிவந்தவர். நான் எழுந்து பேசவில்லை. ஆனால் இனி அந்தக் கதையை மாமாவின் பெயரால் யாரும் சொல்லக்கூடாது என்று அந்தக் கதிரையிலேயே முடிவெடுத்தேன். நாலு வரி கேட்ட மாமிக்கு இவ்வளவும் எழுதியது அதனால்தான். இதை மலரில் போடுவதும் விடுவதும் அவர் விருப்பம். நான் ஒரு வரியும் குறைக்கமாட்டேன்.

மாமாவின் பொருட்களில் ஏதாவது வேண்டுமா என்று மாமி கேட்டார். வேண்டாம் என்றேன். என்னிடம் இந்த விரல் இருக்கிறது. சலூனுக்கு வருபவர்கள் துவாயை வாங்கும்போது அதைக் கண்டுவிட்டு, "என்ன பிள்ளை, விரலுக்கு என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். இவ்வளவு நாளும் சிரித்து மழுப்பினேன். இந்தக் கிழமை ஒருவர் கேட்டார். மாமாவின் முழுப் பெயரையும் சொல்லி, அவர் செய்தது என்றேன். பிறகு அடுத்த துவாயை மடித்தேன். நீங்கள் எல்லோரும் அவரை மறந்த பிறகும், கேட்பவர்களுக்கெல்லாம் நான் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.