சிவப்பு மேலே, வெள்ளை கீழே

மேல் பாதி சிவப்பு, கீழ்ப் பாதி வெள்ளை. ஆற்றில் இந்தக் கொடியைப் பார்த்தால் எந்தக் கப்பலும் வேகத்தைக் குறைக்க வேண்டும், அலை கிளப்பாமல் கடந்து போக வேண்டும். டான்யூபில் தொழில் செய்கிற எவனுக்கும் இது தெரியும். எங்கள் துறைமுக வளைவில் அந்தக் கொடியை ஏற்றியவள் வெலிச்கா.

அவள் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொடுப்பவள். அப்பா விட்டுப்போன ஓக் மரப் படகு. முன்பக்கம் தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் வீடு. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலை ஒட்டி நிறுத்தி, குழாயை மேலே கொடுத்து நிரப்பிவிட்டு வருவாள். ஒரு தடவை ஒரு கேப்டன் மேலிருந்து அவளைப் பார்த்து விசிலடித்தான். குழாயை மூடிவிட்டு, உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்க ஆரம்பித்துவிட்டாள். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏணியில் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் தண்ணீர் போனது. நான் துறைமுகத்து இழுவைப் படகு ஓட்டுகிறவன். பக்கத்திலிருந்து பார்த்துச் சிரித்தேன். "உனக்கென்னடா இளிப்பு?" என்று எனக்கும் கிடைத்தது.

அவள் புருஷன் மெத்தோடி நேர்மாறு, அதிர்ந்து பேச மாட்டான். துறைக்கு வரும் கப்பல்களின் வடத்தை வாங்கித் தூணில் மாட்டுவது அவன் வேலை. போன வசந்தத்தில் அவன் ஒரு கப்பலைத் தூணோடு கட்டிக்கொண்டிருந்தபோது, சரக்குப் படகுகளை வரிசையாகத் தள்ளிக்கொண்டு ஒருவன் வளைவில் முழு வேகத்தில் போனான். அவன் கிளப்பிய அலையில் கட்டிய கப்பல் துறையை விட்டு விலகியது. வடம் அறுந்து மெத்தோடியின் இடுப்பில் அடித்தது. அந்தப் பாவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் எலும்பில் திருகாணி போட்டு அனுப்பினார். "பிளம் பழுக்கற வரைக்கும் ஆடாம அசையாம படுத்திருக்கணும். எலும்பு நகர்ந்துட்டா நடக்கறத மறந்துட வேண்டியதுதான்" என்றார். ஆடாமல் படுக்க அவனுக்கு இருந்ததோ மிதக்கிற வீடு. என் வீட்டுக்கு வரச் சொன்னேன். மூன்றாவது மாடி, குறுகலான படி. "அந்தப் படியில தூக்கிட்டுப் போறதுக்கு நீயே அவன் இடுப்ப ஒடிச்சுடலாம்" என்றாள் வெலிச்கா. வேலையை நிறுத்திவிட்டுப் படகை வளைவில், கிடைத்த ஒரே இடத்தில், கரையோரமாகக் கட்டிப் போட்டாள்.

ஒவ்வொரு கப்பல் போகும்போதும் படகு தூக்கிப் போட்டது. மெத்தோடி தலையணையைக் கடித்துக்கொள்வான். அவள் வயர்லெஸ்ஸில் கெஞ்சிப் பார்த்தாள். கெஞ்சுவது அவளுக்கு வராத வேலை. சிலர் குறைத்தார்கள். ஒருவன், "ஏம்மா, இது கப்பல் பேசற லைன். வெச்சுட்டுப் போய்ச் சமையலப் பாரு" என்றான். நான் குறுக்கே புகுந்து அவனைத் திட்டிய திட்டுக்கு எனக்கு எச்சரிக்கை வந்தது. வந்தால் என்ன?

மறுநாள் காலையில் பார்த்தால், அவளுடைய சிவப்புப் பாவாடையும் படுக்கை விரிப்பும் ஒன்றாகத் தைக்கப்பட்டு அவள் கொடிமரத்தில் பறந்தன. கெஞ்சியபோது கேட்காதவனெல்லாம் கொடியைப் பார்த்ததும் இஞ்சினை அடக்கிக்கொண்டு போனான். அந்த வாரம்தான் மெத்தோடி தூங்கினான்.

கப்பல் கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நேரம் வீணாகிறதென்று புகார் போனது. ஆற்றுப் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் காத்தேவ் வந்தார். கெட்டவர் இல்லை, சட்டத்தைத் தாண்டி ஒரு அடி வைக்கத் தெரியாதவர். அவரை என் படகில்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

"கொடிய இறக்கும்மா."

"ஏன் சார்? அழுக்கா இருக்கா?"

"அதக் கட்டணும்னா எழுத்து மூலமா அனுமதி வேணும்."

"அப்ப குடுங்க."

"மேல கேட்டுட்டேன். முடியாதுன்னுட்டாங்க. பலமா சேதமான படகுன்னா அனுமதியே தேவையில்ல. உன் படகுதான் நல்லா இருக்கே."

"என் புருஷன் சேதமாயித்தான சார் கெடக்கான்?"

"சட்டம் படகப் பத்திதாம்மா சொல்லுது. ஆளப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"சரி" என்று உள்ளே போனாள். கொடியை இறக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் கோடரி இருந்தது.

நேரே முன்பக்கம் போனாள், மெத்தோடியின் கட்டிலிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அப்பா கட்டிய படகின் பலகையில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"வெலிச்கா, என்னடி சத்தம்?" என்றான் மெத்தோடி உள்ளேயிருந்து.

"ஜன்னல் வெக்கறேன். நீ அசையாம படு."

இன்ஸ்பெக்டர் பதறிப்போனார். "என்னம்மா பண்ற? அது தண்ணிக்கு மேல இருக்கு, அதெல்லாம் பலமான சேதத்துல வராது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"அப்படியா?" என்றவள் குனிந்து நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினாள். ஓக் மரம் லேசில் விடவில்லை. அவளும் விடவில்லை. தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

"இப்ப எப்படி சார்?"

"நீயாத்தான உடைச்ச."

"எப்படி உடைஞ்சுதுன்னு சட்டம் கேக்குதா?"

காத்தேவ் யோசித்தார். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவும் வராது. "கேக்கல" என்றார். அப்புறம் தணிந்த குரலில், "சேதமான படகுக்குத் தொழில் அனுமதி கிடையாதும்மா. இனிமே ஒரு கப்பலுக்கும் நீ தண்ணி குடுக்க முடியாது" என்றார்.

அவள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "போனாப் போகுது" என்றாள்.

நான் என் படகின் கைப்பம்பைத் தூக்கி அவள் படகில் வைத்தேன். ஓட்டையில் சாக்கை அடைத்தோம், அப்படியும் கசிந்தது. துறை ஆட்கள் முறை போட்டுக்கொண்டு பம்ப் அடித்தோம். வெலிச்கா மாலுமிகளின் துணியைத் துவைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். கை இரண்டும் வெந்துபோன மாதிரி சிவந்து கிடந்தன. கொடி பறந்தது, கப்பல்கள் மெதுவாகப் போயின.

பிளம் பழுத்தது. மெத்தோடி எழுந்து நின்றான், பிறகு தடியூன்றி நடந்தான். இலை உதிரும் காலத்தில் மறுபடி துறையில் வடம் பிடிக்கப் போனான். அவன் போன அன்றே காத்தேவ் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"அதான் புருஷன் எழுந்துட்டாரே. ஓட்டைய அடைச்சுட்டுக் கொடிய இறக்கு. தண்ணித் தொழிலுக்கு நாளைக்கே அனுமதி தரேன்."

வெலிச்கா பிழிந்துகொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். துறையில் மெத்தோடியும் இன்னும் மூன்று பேரும் ஒரு கப்பலின் வடத்தைத் தூணில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி ஒரு பெரிய சரக்குப் படகு வரிசை போனது. இஞ்சினை அடக்கிக்கொண்டு போனது. வடம் அசையவில்லை.

"பாத்தீங்களா சார்?" என்றாள். "கொடிய இறக்கினா நாளைக்கு அந்த வடத்துல எவன் இடுப்பு ஒடியும்?"

"அதுக்காக எத்தன நாள் ஓட்டைப் படகுல இருப்ப?"

"நீங்க இந்த வளைவுல வேகத்தக் குறைக்கச் சொல்லி போர்டு வைக்கற வரைக்கும்."

அவர் மேலிடத்துக்கு எழுதிப் போடுவதாகச் சொன்னார். எழுதியும் போட்டார், அவர் பேரில் குற்றமில்லை. போர்டு இன்னும் வரவில்லை. நேற்று பம்ப் அடிக்க என் முறை, இன்று மெத்தோடியின் முறை.