கஞ்சி காயும் வரை புகை வேண்டாம்

ஊருக்கு வெளியே எண்ணெய் எரித்துக் கரண்ட் எடுக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு அங்கே ஹெல்பர் வேலை. அது தினமும் ஓடாது. எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் ஏசியும் மோட்டாரும் போட்டுக் கரண்ட் பற்றாமல் போனால்தான் கிளப்புவார்கள். கிளப்பியதும், சூடேறாத இன்ஜின் கருப்பாக ஒரு புகை தள்ளும். காற்று இந்தப் பக்கம் அடித்தால், நெசவுக்காரர்கள் நாங்கள் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்தில் காயும் துணியெல்லாம் கரித்தூள். தட்டினால் போகாது, தேய்த்தால் ஈஷிக்கொள்ளும்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். அந்தப் புகையில் என்னென்ன விஷம் கலந்திருக்கிறதோ, தெரியாது. தெரியாததாலேயே கூடுதலாகப் பயப்படுவேன்.

அன்று காலை, கல்யாணப் புடவைக்கான பால்வெள்ளைப் பாவு நூலை, தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகளை, தெருவில் இழுத்துக் கட்டி, விறைப்பு ஏற அப்போதுதான் கஞ்சி போட்டு முடித்திருந்தோம். ராத்திரி ஷிப்ட் இன்னும் முடியாமல் நிலையத்திலேயே இருந்த அவர் போன் செய்தார்.

"தோ பாரு, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டாங்கோ. காத்து நம்ம பக்கம்தான் அடிக்குது. பாவை எடுத்துடு."

"ஈரமா இருக்குதுய்யா! இப்பச் சுருட்டினா இழையெல்லாம் ஒட்டிக்கினு அப்பளமாயிடும். கொஞ்சம் வெயில் ஏறட்டும்னு சொல்லு அவங்ககிட்ட."

"ஊரு உலகத்துக்கே கரண்ட் பத்தல. உன் கஞ்சி காயலன்னு போய் சொல்லட்டா?"

"சொன்னா இன்னா?"

போனை வைத்துவிட்டார்.

"கரி வருதுபா!" என்று கத்தினேன். தெருவே வெளியே ஓடி வந்தது. பெட்ஷீட், வேட்டி, குடை, பிளாஸ்டிக் பாய். கீழே காற்றோட இடம் விட்டு, பாவின் இரண்டு பக்கமும் நின்று அதற்கு மேலே பந்தல்போல அவற்றை உயரத் தூக்கிப் பிடித்தோம்.

பால்காரர் வண்டியை நிறுத்தினார். "இன்னாமா, சாமி பொறப்பாடா?"

"ஆமாபா, பாவு சாமி! வந்து ஒரு முனையப் புடி!" என்றாள் எதிர்வீட்டு அக்கா, குடையைக் கோயில் குடைபோல ஆட்டிக்கொண்டே. யாரோ "அரோகரா!" என்றார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் பிடித்திருந்த பெட்ஷீட்டும் சேர்ந்து குலுங்கியது.

"குலுங்காதடி, கரி கொட்டும்!"

அதைக் கேட்டு இன்னும் சிரித்தேன். கை வலி, பயம், சிரிப்பு, எல்லாம் ஒன்றாக. பெட்ஷீட்டின் மேலே எள் தூவியதுபோல் கரிப்புள்ளி விழுந்தது. குனிந்து பார்த்தேன். கீழே பாவு பளீரென்று இருந்தது.

கஞ்சி காய்ந்து வரும் நேரத்தில், ஷிப்ட் முடிந்து தெருமுனையில் அவர் வந்தார். சட்டை, முகம், கை, எல்லாம் கரி. பதறிப்போய் நேராகப் பாவைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டே ஓடி வருகிறார்.

"அங்கியே நில்லு!" என்றது மொத்தத் தெருவும்.

எதிர்வீட்டு அக்கா குடையைத் திருப்பி, அவர் முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தாள்.