நான்கு வகை மறுப்பு

அவள் பொறுப்புத் தலைமையாசிரியை. பொறுப்பு என்றால் நாற்காலி உண்டு, கதவில் பெயர்ப்பலகை கிடையாது. ஆண்டு முடிவதற்குள், நிர்வாகம் அவளுக்காக அமர்த்திய பயிற்சியாளர் 'தேறிவிட்டார்' என்று எழுதிக் கொடுத்தால் பதவி நிரந்தரம். இல்லாவிட்டால் ஏழாம் வகுப்புக்குத் திரும்பிப் போய்க் கணக்கு நடத்த வேண்டும்.

பயிற்சியாளர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். ஆசிரியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மறுபடியும்'. ஒரு தடவைக்கு ஒரு குறை மட்டும் சொல்வார். அது போகிறவரை அந்த ஒரு வாக்கியத்தையே சொல்ல வைப்பார். வகுப்பறைக்குள் நுழைவதை மட்டும் அவள் ஒரு மாதம் பழகினாள். தொண்டையைச் செருமுவது போயிற்று. கையைப் பிசைவது போயிற்று. எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பது போயிற்று.

"இப்பல்லாம் உன்கிட்ட உப்பு கேக்கவே பயமா இருக்கு" என்றான் கணவன்.

கடைசிப் பாடம், பள்ளியில் எல்லோரும் தள்ளிப்போடும் ஒரு பேச்சைப் பேசி முடிப்பது. யாரிடம் என்று அவர்தான் சொன்னார்.

"அறிவியல் டீச்சர்."

"அவங்க என் அக்கா, சார்."

"தெரியும். அதனாலதான் நீங்க இந்த நாற்காலிக்கு வந்தப்புறமும் யாரும் வாயத் திறக்கல."

அக்காவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது பெஞ்சுக்கு அப்பால் எதுவும் விழாது. பின்வரிசைப் பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ரத்தத்தைச் சுத்திகரிக்கும் உறுப்பு எது என்று கேட்டால் ஒருவன் எழுந்து, பயபக்தியோடு "மூட்டைப்பூச்சி" என்பான். "சரி, உட்காரு" என்பாள் அக்கா. காதுக்கருவி வேண்டாமென்று பிடிவாதம். தங்கையைப் படிக்கவைத்தவள் அவள்தான். இதே பள்ளியில் வேலைக்குச் சொல்லிவைத்தவளும் அவள்தான். அக்கா பாடம் நடத்த ஆரம்பித்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது.

அவளை வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் போட வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

ஒத்திகையில் பயிற்சியாளர் அக்காவாக உட்கார்ந்தார். மறுப்பு நான்கு வகை என்றார். அழுகை, கோபம், மௌனம், பழைய உறவைச் சொல்லிக் காட்டுவது. நான்கையும் நடித்தார்.

"உன்னைத் தூக்கி வளத்த கைடி இது" என்று முடி அடர்ந்த கையை நீட்டினார்.

அவள் சிரித்துவிட்டாள்.

"சிரிப்பு போகணும். மறுபடியும்."

"அக்கா, நான் என்ன சொல்றேன்னா..."

"அந்த 'அக்கா' போகணும். மறுபடியும்."

"டீச்சர், உங்க வகுப்பை நான் ரெண்டு தடவை பாத்தேன்."

மூன்று வாரத்தில் அறுபது தடவைக்கு மேல் ஆயிற்று. எந்த வகையை எடுத்தாலும் அவளிடம் பதில் இருந்தது. கத்தினால் குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த வாக்கியம். அழுதால் பன்னிரண்டு எண்ணிவிட்டு அடுத்த வாக்கியம்.

சொல்ல வேண்டிய நாளில் அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தாள். விரல்களில் சாக்பீஸ் தூள். மூலையில் நோட்டோடு இருந்த பயிற்சியாளரைப் பார்த்தாள். பிறகு தங்கையின் உதட்டைப் பார்த்தாள்.

"டீச்சர், நாளையிலிருந்து நீங்க வகுப்புக்குப் போக வேண்டாம். நூலகத்தைப் பாத்துக்கணும்."

"சரிம்மா" என்றாள் அக்கா. "நானே சொல்லணும்னுதான் இருந்தேன். நீ இதை மனசுல போட்டு உழப்பிக்காதே."

எழப்போனாள்.

தங்கைக்கு இது புதிது. அறுபது தடவையில் ஒருமுறைகூடப் பயிற்சியாளர் சரி என்று சொன்னதில்லை.

"உட்காருங்க டீச்சர். உங்க வகுப்பை நான் ரெண்டு தடவை பாத்தேன். முதல் தடவை பதினோரு தப்பான பதிலைச் சரின்னு சொன்னீங்க."

"அதான் போறேன்னுட்டேனே."

"ரெண்டாவது தடவை பதினாலு. நீங்க போர்டுல எழுதும்போது ஒருத்தன் உங்க பின்னாடி நின்னு உங்கள மாதிரியே தலையைச் சாய்ச்சுக் காட்டினான். வகுப்பே சிரிச்சுது. நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க."

இது அக்காவுக்குத் தெரியாது. கண் நிறைந்தது. தங்கைக்கு அப்பாடா என்றிருந்தது. அழுகைக்கு அவளிடம் பதில் இருந்தது. பன்னிரண்டு எண்ணினாள்.

"இப்ப நான் சொன்னதை உங்க வார்த்தையில ஒரு தடவை சொல்லுங்க."

அக்கா சொன்னாள். "எனக்குக் காது கேக்கல. பசங்க என்னை வச்சு விளையாடறாங்க. நான் பாடம் எடுக்க லாயக்கில்ல."

பயிற்சியாளர் ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். அக்கா திரும்பி அவர் உதட்டைப் பார்த்தாள்.

"நல்லா வந்தது. ஒரே ஒரு குறை. அவங்க அழும்போது மேஜையைப் பாத்தீங்க. முகத்தைப் பாக்கணும். அது மட்டும் போனா இன்னைக்கே எழுதிக் கொடுத்துடறேன்." அக்காவிடம் திரும்பிச் சத்தமாகக் கேட்டார். "உங்களுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குமா?"

"எழுதினா இவளுக்கு நிரந்தரமாயிடுமா, சார்?"

"ஆயிடும்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டாள்.

"எங்கேருந்து? அழறதுக்கு முன்னாடியிலிருந்தா?"

"பதினாலுலேருந்து" என்றாள் தங்கை, அவள் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல்.