உள்மணி ஒலிக்காத நாள்

ஐஸ் தொழிற்சாலையில் கணினி நிரல் எழுதும் அவளுக்குச் ‘சிக்கனம்’ என்று பட்டம் சூட்டியவர், அங்கேயே எலெக்ட்ரீசியனாக இருந்த அவளுடைய அக்காள் கணவர். பிறர் மூன்று வரியில் எழுதுவதை அவள் ஒரே வரியில் முடித்துவிடுவாள். அதில் அவளுக்குச் சற்றுக் கர்வமும் உண்டு.

குளிரூட்டும் அம்மோனியா வாயு கசிந்தால் வாசலில் ஒரு மணியும் குளிரறைக்குள் ஒரு மணியும் ஒலிக்க வேண்டும். ‘வெளிமணியை அடி அல்லது உள்மணியை அடி; ஒன்றாவது ஒலித்தால் பதிவு செய்’ என்று, அடிப்பதையும் சரிபார்ப்பதையும் அவள் ஒரே வரியில் கோத்திருந்தாள்.

சென்ற வாரம் வாயு கசிந்தது. வெளிமணி அலறியது, உள்மணி வாயே திறக்கவில்லை. உள்ளே ஐஸ்கட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் உயிர் தப்பினார். ஆனால் இருமல் விடவில்லை. பழி எலெக்ட்ரீசியன் தலையில் விழுந்தது. மாலைக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“போதும் மாமா, அந்த உள்மணியை எத்தனை தடவைதான் கழட்டுவீங்க?”

ஏணியிலிருந்தவர் திரும்பவில்லை. “எங்கயோ நான்தான் கோட்டை விட்டிருக்கேன். என் கையையே நம்ப பயமா இருக்கு. உங்கக்கா வேற, கண்ணாடி போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனேங்கறா.”

“சோதிச்சப்ப ரெண்டும் அடிச்சுதே?”

“அடிச்சுது. வாசல் மணி காதைக் கிழிக்குதுன்னு அதோட ஒயரைப் பிடுங்கச் சொன்னியே, அப்புறம்தானே உள்மணி ஜோரா அடிச்சுது!”

அவள் தன் ஒற்றை வரியைத் திறந்து பார்த்தாள். ‘அல்லது’ என்று இணைத்தால், இடப்பக்கம் மெய்யானதுமே, அதாவது வெளிமணி ஒலித்ததுமே, கணினி வலப்பக்கத்தை ஏறெடுத்தும் பாராது. ஒயரைப் பிடுங்கியதால் இடப்பக்கம் பொய்யாயிற்று; ஆகவே அன்று உள்மணிக்கு முறை வந்தது. கசிவின்போது வெளிமணி ஒழுங்காக ஒலித்ததே உள்மணியின் வாயைக் கட்டிவிட்டது. கல்லூரி முதலாண்டிலேயே படித்த பாடம்.

மணியை மாட்டச் சொல்லிவிட்டு, இரண்டையும் தனித்தனி வரியில் அடிக்கவைத்து, விடைகளைப் பிறகு ஒப்பிடுமாறு மாற்றினாள். சோதனை என்று அறிவித்துவிட்டு விசையை அழுத்தினாள். இரு மணிகளும் முதன்முறையாகச் சேர்ந்து ஒலித்தன.

“அப்போ என் ஒயர்ல தப்பில்லையா?”

“இல்ல மாமா. என் வரிலதான்.”

அவர் முகம் மலர்ந்தது. அவளைப் பார்த்ததும் வாடியது. “வெளிய மூச்சு விடாத. ஒயர் லூஸ்னு நான் சொல்லிக்கறேன். வேலைக்குச் சேர்ந்து வருஷம்கூட ஆகல உனக்கு.”

அந்தப் பரிவை அவளால் தாங்க முடியவில்லை. விடுவிடுவென்று மேலாளர் அறைக்கு நடந்தாள். வெளியே பெஞ்சில் விடுப்புக் கேட்கக் காத்திருந்தார் அந்த இருமல்காரர்.

“என்னம்மா, இப்ப மணி அடிக்குது போல?”

“அடிக்குதுண்ணே. அன்னைக்கு அடிக்காததுக்கு நான்தான் காரணம்” என்று, கதவைத் தட்டுமுன் அவரிடமே முதலில் சொன்னாள்.