சுவர் வைக்கக் கூடாத இடம்

ஆறு மாதம் என்றுதான் சொன்னார்கள். அறுபதுகளின் கடைசியில் தொழிற்சாலைக்காக எங்கள் சேரியைக் காலி செய்த தாலூகா அதிகாரி, கவரைப்பேட்டை ரயில் பாதையோரம் ஒரு பொட்டலைக் காட்டினார். "தற்காலிகமா குடிசை போட்டுக்குங்க. வீட்டு மனை பின்னால தருவோம். எவனாவது சுவர் வெச்சா அவனுக்கு மனை கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் நைனாவுக்கு அது சாமி வாக்கு. அதிகாரி சொல்லிவிட்டால் அந்த மனுஷனுக்கு மேல்பேச்சே கிடையாது.

ஒன்பது வருஷம் ஓலைத் தட்டிக்குள் கிடந்தோம். தொழிற்சாலைக் கழிவு வாசலோடு ஓடும். சோற்றை எடுத்தால் அந்த நாற்றம்தான் முதலில் வாய்க்குள் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். குளிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் வயசுக்கு வந்த பிறகும் நாலு குச்சியில் பழைய புடவையைக் கட்டி அதற்குள்தான் குளியல். காற்றடித்தால் புடவை பறக்கும். ரயிலில் தொங்கிக்கொண்டு போகும் தடியன்கள் விசிலடிப்பார்கள். இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் கூசுகிறது.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் ஏரி மண்ணைக் குழைத்து, குளிக்கிற கல்லைச் சுற்றி மார்பளவுக்குச் சுவர் எழுப்பினாள். வேலை விட்டு வந்த நைனா கடப்பாரையை எடுத்தார்.

"இன்னாடி பண்ணி வெச்சிக்கிற? மனை போய்டும்!"

"வயசுப் பொண்ணு ஊரு பாக்கக் குளிச்சிக்கினு கீது. உனுக்கு மனை கேக்குதாய்யா?"

ஈரம் காயாத சுவர். இரண்டு குத்தில் விழுந்துவிட்டது.

எதிர்வரிசைக்காரர்கள் யாரையும் கேட்காமல் செங்கல் வைத்து ஓடும் போட்டார்கள். அவர்களுக்கு மனை போச்சு என்று நைனா சொல்லிக்கொண்டிருந்தார். மனை கொடுக்க வேறொரு அதிகாரி வந்தார். ஓட்டு வீட்டுக்காரர்களுக்கெல்லாம் மனை உண்டு என்றார். எங்கள் குடிசை முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு சுவர்கூட இல்ல. மனை தர்றாங்கன்னதும் நேத்து வந்து குடிசை போட்டியா?"

"ஐயா, செவுரு வெக்கக் கூடாதுன்னு முன்ன இருந்த ஐயாதான் சொன்னாரு."

"எந்த ஐயா? பேர் என்ன?"

ஒரு ஐயாவிடம் போய்ப் பேரென்ன என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு ஏது?

எங்களுக்கு மனை இல்லை என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். நைனா பின்னாலேயே ஓடி, கிளம்பிய வண்டியைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். நான் காறித் துப்பினேன். ஜீப்பைப் பார்த்தா, நைனாவைப் பார்த்தா என்று அம்மா கேட்கவில்லை. அவளும் துப்பினாள்.